நான் அழித்த பத்தி

2013ஆம் வருஷம் ஜூலை மாதம் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். சமூக அறிவியல் டீச்சர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "எல்லாரும் கவனிங்க, நாம ஒரு வெப்சைட் செய்யப்போறோம்" என்றார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதுவரை எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குள் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் பெயிண்ட்டில் வீடும் சூரியனும் வரைந்ததைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

தமிழ்வழிப் பள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு இணையதளம். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் எழுதலாம், திருத்தலாம். தலைப்பு தாளிலேயே இருந்தது: உங்கள் பகுதியிலுள்ள தேசிய நினைவுச்சின்னம் ஒன்றைத் தேர்ந்து, அதன் வரலாற்றை ஆராய்ந்து எழுதுக.

தேசிய நினைவுச்சின்னம் என்றால் எங்களுக்குத் தெரிந்தவை பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பவைதான். தாஜ்மகால், மாமல்லபுரம், தஞ்சாவூர்ப் பெரிய கோயில். "குச்சனூர்ல என்ன டீச்சர் இருக்கு? சனீஸ்வரன்தான் இருக்காரு" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். டீச்சரும் சிரித்துவிட்டார்.

குச்சனூரைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். சின்னமனூருக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவில் இருக்கிற ஊர். சனீஸ்வரர் இங்கே நவக்கிரகத்தில் ஒருவராக மூலையில் நிற்பதில்லை. அவரேதான் மூலவர், சுயம்பு. ஆடிச் சனிக்கிழமைகளில் எள் விளக்கும் கறுப்புத் துணியும் காக்கைக்கு வைத்த சோறுமாக ஊரில் கால்வைக்க இடமிருக்காது. பஸ்ஸில் யாராவது "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டு நான் "குச்சனூர்" என்றால், ஒரு நொடி அவர் முகம் மாறும். அடுத்து, தனக்கு ஏழரை எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்று சொல்ல ஆரம்பிப்பார். இன்று சென்னையில் இருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான்.

கோயிலை எழுதலாமா என்ற பேச்சு ஒரு பீரியட் ஓடியது. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "தலபுராணம் எல்லாருக்கும் தெரியும், போர்டுலயே எழுதிருக்கு. ஆராய்ச்சின்னா தெரியாததைத் தேடணும்" என்றார். அப்போதுதான் ஒரு பிள்ளை எழுந்து பென்னிகுக் மணிமண்டபம் என்றது. லோயர் கேம்பில் அந்த மண்டபத்தை அந்த வருஷம் ஜனவரி 15ஆம் தேதிதான் முதலமைச்சர் ஜெயலலிதா வந்து திறந்துவைத்திருந்தார்.

"அது கட்டி ஆறு மாசம்தானடி ஆச்சு. அதுவும் மாநில அரசு கட்டுனது. தேசிய நினைவுச்சின்னம்னு எப்படி எழுதுறது?"

"மண்டபம்தான் டீச்சர் புதுசு. அணை பழசுதான?"

டீச்சர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார். அந்தச் சரியில் எத்தனை சங்கடம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஒருவேளை தெரிந்தேதான் சொன்னாரோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு முல்லைப்பெரியாறு அணை பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே கேரளாவை நோக்கி ஓடிக் கடலில் சேர்ந்துகொண்டிருந்த பெரியாற்றை மலைமேலேயே மறித்து, மலைக்குள் ஒரு மைலுக்கும் அதிகமாகச் சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் எங்கள் வாய்க்காலில் ஓடுகிறது. லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் என்ற கணக்கு எங்கள் ஊர் விவசாயிகளுக்கு வாய்ப்பாடு மாதிரி. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறக்கவில்லை என்றால் டீக்கடையில் பேச்சே மாறிவிடும்.

பாடம் தேடப்போனபோது புதிதாகத் தெரிந்தவையும் இருந்தன. இந்த யோசனை வெள்ளைக்காரனுடையது மட்டுமல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்காக மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். 1808இல் கால்டுவெல் என்ற கம்பெனி அதிகாரி வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். (இடையன்குடிக் கால்டுவெல் வேறு, இதில் ஒரு வாரம் குழம்பினோம்.) 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் உண்மையிலேயே அசைந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருஷக் குத்தகை. 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம், வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த அணை. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லை இடித்த பொடி. ஒரு மூட்டைகூட சிமெண்ட் கிடையாது என்று எழுதிவிட்டு டீச்சரிடம் காட்டினேன். "அப்ப போட்டது சரி. 1979க்கு அப்புறம் பலப்படுத்துனாங்களே, அதுக்கு என்ன போட்டாங்க?" என்றார். அந்த வாக்கியத்தை அடித்தேன்.

இதையெல்லாம் எழுதுவது சுலபமாக இருந்தது. சிக்கல் வந்தது சொத்து விற்ற கதையில்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இனிமேல் பணம் தரமாட்டோம் என்று பிரிட்டிஷ் அரசு கைவிரித்தது. பென்னிகுக் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று, அந்தப் பணத்தில் அணையைக் கட்டி முடித்தார். நான் இதை அப்பத்தாவின் வாயிலிருந்து கேட்டேன். அவளுக்கு அவள் மாமனார் சொன்னது. எங்கள் பக்கம் பல வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பாலார்பட்டியில் தைப்பொங்கலன்று அவருக்கும் பொங்கல் வைப்பார்கள். அவர் பிறந்ததும் ஜனவரி 15தான், 1841இல், பூனாவில். இந்தக் கதைக்கு ஆதாரம் கேட்பது வீட்டுக்குள் நின்றுகொண்டு அஸ்திவாரம் எங்கே என்று தோண்டிப் பார்ப்பதைப் போலத்தான் இருந்தது.

டீச்சர் கேட்டார். "யார் சொன்னா? எங்க எழுதிருக்கு?"

ஆளுக்கு மூன்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிவரச் சொன்னார். எழுதிவந்தோம். ஒருவர் கணக்கில் பென்னிகுக் விற்றது வீடு. இன்னொருவர் கணக்கில் பண்ணை. ஒரு பாட்டி, அவர் மனைவி காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள் என்று சொல்லும்போது தன் காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். கட்டிலைக்கூட விற்றார் என்று ஒரு பதிப்பு. நான் கேட்ட மூன்றாவது ஆள் எங்கள் வயலுக்கு மேல்வயல்காரர். மடை திறந்துகொண்டிருந்தார். ஆதாரம் இருக்கா தாத்தா என்றதும் மண்வெட்டியை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, தண்ணி வருதுல்ல?"

"வருது."

"அப்பறம் என்னடா ஆதாரம்?"

டீச்சர் தேடியவரை, எழுத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அணை வேலையில் இருந்த மெக்கன்சி என்ற பொறியாளர் 1899இல் எழுதிய பெரியாறு திட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவர்தான் சொன்னார். ஆரம்பத்தில் கட்டியதை வெள்ளம் அடித்துப்போனது உண்மை. காய்ச்சலிலும் காலராவிலும் கூலிகள் நூற்றுக்கணக்கில் செத்தது உண்மை. ஆனால் அது சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணித்துறை செய்த வேலை, அரசாங்கக் கணக்கில் நடந்த செலவு. சொத்து விற்றதற்கு ஒரு சீட்டுக்கூட யாரும் இதுவரை காட்டியதில்லை. பல வருஷம் கழித்து, 2021இல், மதுரையில் கலைஞர் நூலகம் கட்டத் தேர்ந்த இடத்தில் பென்னிகுக் வாழ்ந்த வீடு இருக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. அந்தக் கட்டடம் 1912, 13 வாக்கில் கட்டியது என்றது அரசு. அவர் 1911லேயே இறந்துவிட்டார். அந்தச் செய்தியைப் படித்தபோது டீச்சரை நினைத்துக்கொண்டேன்.

தட்டச்சுக்காரன் நான்தான். வகுப்பில் என்எச்எம் ரைட்டரில் தமிழ் அடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் நான் வேகம். மின்வெட்டு அதன் உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்த வருஷம் அது. இறங்கி என்றால், எப்போது போகும் என்று முன்கூட்டியே தெரியும் என்ற அளவுக்கு. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. நானும் கரண்டும் ஒருசேர இருக்கிற நேரத்தில் அடிக்கவேண்டும். நான் அந்தப் பத்தியை அப்பத்தா சொன்னபடியே அடித்தேன். 'சொத்துகளை விற்றார்' என்று முற்றுப்புள்ளி வைத்தேன்.

லோயர் கேம்புக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனார்கள். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இரண்டு பஸ் மாறி. மண்டபத்தில் பென்னிகுக் சிலை இன்னும் புதுப் பளபளப்பு. பின்னால் மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்கி மின்நிலையத்துக்குள் போகின்றன. "கரண்டு இங்கிட்டுத்தான்டா பிறக்குது, நம்ம ஊருக்கு மட்டும் வரமாட்டேங்குது" என்றான் கூட வந்தவன். மண்டபத்தில் ஒரு மணிநேரம் சுற்றிப் பார்த்தோம். செத்துப்போன கூலிகளில் ஒருவர் பெயரைக்கூட நான் என் நோட்டில் குறித்துவரவில்லை. அதைக் கேட்டது நாங்கள் இல்லை. ஜோடிப் பள்ளியிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

ஜோடிப் பள்ளி எங்கிருந்தது என்று இன்னும் சொல்லவில்லை. வண்டிப்பெரியார்ப் பக்கம். இடுக்கி மாவட்டம், கேரளா. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. வரைபடத்தில் அணைக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் அவர்கள். அணைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிற ஊர் அது.

பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு இடம் இருந்தது. அங்கே முதலில் வந்த கேள்வி, 'அணை கட்டும்போது இறந்தவர்களின் பெயர்கள் கிடைக்குமா?' இரண்டாவது, 'சொத்தை விற்றார் என்பதற்கு ஆதாரம் என்ன?' மரியாதையாக, நல்ல தமிழில். என்னைவிட நல்ல தமிழில் என்பது எனக்கு அப்போதே உறுத்தியது. பதில் போடவில்லை. டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தால், என் பத்திக்குக் கீழே புதிதாக ஒரு பத்தி.

அதை ஏறக்குறைய மனப்பாடமாகச் சொல்ல முடியும். இந்த அணைக்குக் கீழே நாங்கள் குடியிருக்கிறோம் என்று தொடங்கியது. 2011இல் இடுக்கியில் நிலம் அதிர்ந்தபோது லயத்து வீட்டில் பாத்திரங்கள் தாமாகச் சத்தம் போட்டன. அன்றிலிருந்து அம்மா ரேஷன் கார்டையும் எங்கள் சர்ட்டிபிகேட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். பலத்த மழை பெய்யும் ராத்திரி அப்பா தூங்கமாட்டார். எங்கள் தாத்தா கூடலூரிலிருந்து வந்தவர். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் வயல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். அணையை இடி என்றோ, மட்டத்தைக் குறை என்றோ ஒரு சொல் இல்லை.

நான் அதைத் தேர்வுசெய்து, டெலிட் பொத்தானை அழுத்தினேன்.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் எனக்கு ஞாபகத்தில் இருந்தது. 2011. பள்ளத்தாக்கே ரோட்டில் இறங்கி குமுளியை நோக்கி நடந்தது. என் சித்தப்பாவும் போனார். கம்பம் மெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வந்த பெண்கள் வாரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவிலும் மூன்று பேர். அந்த வாரங்களில் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், 'அணை உடையும்' என்று சொல்கிறவர்கள் நம் தண்ணீரைப் பிடுங்கப் பார்க்கிறவர்கள் என்பது. பயமாக இருக்கிறது என்று எழுதினாலே அந்தக் கட்சி. ஏழாம் வகுப்பில் கற்றுக்கொண்டதை ஒன்பதாம் வகுப்பில் செய்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குறிப்பில் ஒரு வரி: 'எங்கள் பத்தியைக் காணவில்லை.' டீச்சர் கேட்டபோது, "அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே கரண்டு போயிருச்சு டீச்சர், ஏதோ ஆயிருச்சு" என்றேன். அந்த வருஷத்தில் எந்தத் தப்பையும் கரண்டின் மேல் போடலாம்.

அவள் மறுபடி அடித்துப் போட்டாள். இந்தமுறை சின்னதாக. பாத்திரம் இல்லை, பை இல்லை. 'அணைக்குக் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களுக்கு அச்சம் உள்ளது' என்று மட்டும், பாடப்புத்தக வாக்கியம் மாதிரி. அதையும் அழித்தேன். மூன்றாவது முறை அவள் எழுதவில்லை. குறிப்பிலும் ஒன்றும் வரவில்லை. இதை எழுதும்போது முதல் அழிப்பைவிட அந்த இரண்டாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதலாவது கோபம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒருநாள், மற்றவர்கள் போனபிறகு டீச்சர் என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டார். அந்தத் தளத்தில் பழைய வடிவங்கள் எல்லாம் சேமிப்பில் இருக்கும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற விவரத்தோடு. எனக்குத் தெரியாது. திரையில் என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது, தேதியும் மணியும் சேர்ந்து. இரண்டு முறையும் கரண்டு இருந்திருக்கிறது.

அடிப்பார் என்று நினைத்தேன். திட்டக்கூட இல்லை. பழைய வடிவத்தை ஒரே சொடுக்கில் திரும்பக் கொண்டுவரலாம் என்று எனக்கே பின்னால் தெரிந்தது. ஆனால் அவர் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண் முதலில் எழுதியதைத் திறந்துவைத்து, "அடி" என்றார். "நான் வாசிக்கிறேன், நீ அடி."

அவர் ஒவ்வொரு வாக்கியமாக வாசிக்க, நான் அடித்தேன். பாத்திரங்கள் தாமாகச் சத்தம் போட்டன. அம்மா ரேஷன் கார்டையும். லயத்து வீடு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சமையல்கட்டுதான் கண்ணில் வந்தது, பரணில் அப்பத்தாவின் பித்தளைத் தவலைகள் வரிசையாக. 'பை' என்று அடிக்கும்போது விரல் தவறி, அழித்து, மறுபடி அடித்தேன். டீச்சர் காத்திருந்தார். முடிந்ததும், "உன் பத்தியையும் பாரு" என்றார். 'விற்றார்' என்பதற்குப் பின்னால், 'என்று எங்கள் பகுதி மக்கள் நம்புகிறார்கள். எழுத்துச் சான்று கிடைக்கவில்லை' என்று சேர்த்தேன். அதை அடிக்கும்போது மேல்வயல் தாத்தா மண்வெட்டியோடு பின்னால் நிற்பது போலவே இருந்தது.

குறிப்பில் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானாக எழுதவும் இல்லை.

எங்கள் தளத்துக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. 2014 மே 7இல் 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள், நானும் வெடித்தேன். நவம்பரில் நீர்மட்டம் 142ஐத் தொட்டபோது, 35 வருஷத்துக்குப் பிறகு என்று சித்தப்பா டிவியை விட்டு நகரவில்லை. எனக்குக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பை ஞாபகம் வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மறுபடி வந்தது. அவள் பெயரை அந்தத் தளத்தில் தேடலாம் என்று உட்கார்ந்தபோது தளமே இல்லை. அந்தப் பழைய சேவையை கூகுள் மூடிவிட்டிருந்தது. டீச்சரிடம் ஒரு பிரிண்ட் அவுட் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டு பத்தியும் ஒன்றன்கீழ் ஒன்றாக, கறுப்பு வெள்ளையில், ஓரம் வெட்டுப்பட்டு. எழுதியவர் பெயர் அதில் வரவில்லை.

2023 ஜூனில் நண்பன் ஒருவனைப் பார்க்க குமுளி போனவன், அப்படியே பஸ் ஏறி வண்டிப்பெரியாரில் இறங்கினேன். மழை பிந்தியிருந்தது. பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். பேர்தான் பெரியாறு. பாறைகளுக்கு நடுவில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர், ஒரு ஆள் அதில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். இந்த ஆற்றின் மிச்சம்தான் எங்கள் வாய்க்காலில் கரை தொட்டு ஓடுகிறது.

பாலத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் தமிழ்தான். எங்கிருந்து வர்றீங்க என்றார். தேனிப் பக்கம், குச்சனூர் என்றேன். வழக்கம்போல ஏழரைச் சனியைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணாந்தேதி தண்ணி தெறந்தாங்கள்ல? நாத்துப் பாவியாச்சா?" என்றார்.

"பாவியாச்சுண்ணே."

"கூடலூர்ல எங்க பெரியப்பா மகன் இன்னும் பாவல. வெதைநெல்லு கெடைக்கலயாம்" என்று சொல்லிக்கொண்டே டீயை ஆற்றினார். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு துணிப்பை தொங்கியது. சில்லறைப் பையாகவும் இருக்கலாம். கேட்கவில்லை.